வயிற்றில் எந்த இடம்

…வட்டம் போட்டாயிற்று, நடுவில் தொப்புளுக்கு ஒரு சின்னச் சுழி, அதுவும் ஆயிற்று, இனி வலிக்கு ஒரு புள்ளி, அதை எங்கே வைப்பது? டாக்டர் இனாஸின் பேனா காகிதத்துக்கு மேலே அந்தரத்தில் நின்றது. டீ ஆறிக்கொண்டிருந்தது. சும்மா கை போன போக்கில்தான் கிறுக்கினாள், காலையில் வந்த ஷுரூக் ஏனோ மனசை விட்டுப் போகவில்லை, பள்ளிக்கூடத்துப் பெண், குனிந்தே நடந்து வந்தாள்... முன்பெல்லாம் வயிற்று வலியென்று யார் வந்தாலும் வயிற்றை வரைவாள், அமுக்கிப் பார்ப்பாள், புள்ளி வைப்பாள், "இன்னுமா பூசணிக்காய் வரையிற?" என்று கூட வேலை பார்க்கும் மக்தி கிண்டலடிப்பான், ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் வந்ததும் அந்தப் பேச்சும் நின்றது. வேகம்தான், இல்லையென்று சொல்லக்கூடாது. நேற்று ஷம்முன்னசீம் பண்டிகை, மன்சூரா ஊர் முழுக்க நைல் கரையில் உட்கார்ந்து ஃபெசீக் தின்றது, அந்த நாறிப்போன உப்பு மீனைத் தின்றவர்களெல்லாம் இன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையில், இரண்டு எழுத்து தட்டினால் போதும், 'ஃபெசீக் சாப்பிட்டார், வயிற்று வலி' என்று முழு வரியும் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும், ஷுரூக்குக்கும் அதே வரிதான், மாத்திரை, வீட்டுக்குப் போ.

வயிற்று வலி. திரையில் அது முழுசாகத்தான் தெரிந்தது, ஒரு குறையும் இல்லை, இந்தப் பாழாய்ப்போன படம்தான் விடமாட்டேன் என்கிறது, எங்கே, எங்கே என்று... தொட்டுப் பார்த்தேனா? ஐயோ, இல்லையே. மீன் தின்றாளா என்றாவது கேட்டேனா? குடல்வால் வீங்கியிருந்தால்? வெடித்தால் கொஞ்ச நேரம் வலியே இருக்காது, பிறகுதான் ஆளையே கொண்டுபோகும்... போனை எடுத்தாள், மறுமுனையில் ஷுரூக்கின் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "டாக்டரம்மாவா! அல்லா உங்களுக்கு நீண்ட ஆயுசைக் குடுக்கட்டும், அவ்வளவு நேரம் துடிச்ச புள்ள, சட்டுனு வலி நின்னு இப்பத்தான் தூங்குறா." சட்டென்றா? "ஷுரூக் அம்மா, அவ ஃபெசீக் தின்னாளா?" அந்த அம்மா சிரித்தாள். "அவளா? அந்த நாத்தத்துக்கே மூக்கப் பொத்திக்குவா, வெறும் முட்டைதான் தின்னா." இனாஸ் மறுபடி பேனாவை எடுத்தாள். "வலி எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"வலது பக்கம், கீழ. நீங்க கேக்கவே இல்லியா, உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

"எழுப்புங்க, உடனே தூக்கிட்டு வாங்க, இப்பவே," என்று கத்திக்கொண்டே இனாஸ் வட்டத்துக்குள் வலப்பக்கம் கீழே புள்ளியை வைத்தாள், காலையிலேயே வைத்திருக்க வேண்டியதை.