ஆகட்டுங்க அம்மணி

கீழ்வீட்டு முத்தாத்தாள் இந்த மூன்று வருஷத்தில் எத்தனை தடவை படியேறி வந்தாள் என்று ராமுலுவுக்குக் கணக்கில்லை. வந்தபோதெல்லாம் சொன்னது ஒன்றுதான்.

"ஏனுங்ணா, உங்க பாத்ரூம் தண்ணி எங்க ஊட்டுக்குள்ள எறங்குதுங்க. அவசரம் ஒண்ணுமில்லீங்க, தோதுப்படறப்பப் பாருங்க."

"ஆகட்டுங்க அம்மணி."

அவளும் நம்பிக்கொண்டு இறங்கிப் போவாள். கோயமுத்தூர்ப் பக்கம் 'ஆகட்டுங்க' என்றால் செய்கிறேன் என்றும் அர்த்தம், ஆளை விடு என்றும் அர்த்தம். எது என்று கேட்டவர்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். இந்த ஊரில் மரியாதையாகப் பேசியே ஒருத்தர் குடியைக் கெடுத்துவிடலாம்.

பாத்ரூம் தரையைப் பெயர்த்துப் போடப் பத்து நாளாகும். அதுவரை மூட்டுவலிக்காரி மனைவி ரங்கம்மாளை எங்கே குளிக்க அனுப்புவது? போதாக்குறைக்கு, நாற்பது வருஷக் கட்டடம், இடித்துப் புதுசாகக் கட்டப் போகிறார்கள் என்று பேச்சு வேறு. இடிக்கிற கட்டடத்துக்கு எதற்கு மெனக்கெடுவது என்று ராமுலு இருந்துவிட்டார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

போன மாசம் ஒருதரம் கீழே போய்ப் பார்க்கவும் செய்தார். ஒற்றை அறை வீடு. பக்கவாதத்தில் படுத்துவிட்ட புருஷன் ஐயாசாமியின் கட்டிலுக்கு மேலே, யார் கல்யாணத்துக்கோ அடித்த பிளக்ஸ் பேனரை முத்தாத்தாள் நாலு மூலையும் இழுத்துக் கட்டியிருந்தாள். மாப்பிள்ளை முகத்தில் தண்ணீர் தேங்கி நின்றது. அதற்கு மேலே காரை உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தது. கட்டிலை நகர்த்த இடமில்லை.

"இது தாங்குமுங்ணா," என்று அவளே சமாதானம் சொன்னாள். ராமுலு அதை வாங்கிக்கொண்டு மேலே வந்துவிட்டார்.

நேற்றுக் காலை கூரைக் கான்கிரீட் பெயர்ந்து, பேனரைக் கிழித்துக்கொண்டு ஐயாசாமியின் நெஞ்சில் விழுந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

இன்று மத்தியானம் உடலைக் கொண்டுவந்து அதே அறையில் கிடத்தினார்கள். "கட்டடம் பழசாப் போச்சு, என்ன பண்றதுங்க," என்றார் வந்திருந்தவர்களில் ஒருவர். ராமுலுவும் தலையாட்டினார். மாலையைப் போட்டுவிட்டு, முத்தாத்தாளின் முகத்தைப் பார்க்காமல் படியேறினார்.

வாசலிலேயே ரங்கம்மாள் மறித்தாள். "எழவூட்டுக்குப் போய்ட்டு எதையும் தொட்டுப்போடாதீங்க. நேராப் போய்த் தலைக்குத் தண்ணி ஊத்துங்க."

பக்கெட் நிறைய வைத்திருந்தாள். ராமுலு கண்ணை மூடிக்கொண்டு மொண்டு மொண்டு ஊற்றினார். மனசு ஆறவில்லை. குழாயைத் திறந்து இன்னொரு பக்கெட் பிடித்து அதையும் ஊற்றினார்.

யாரோ கதவைத் தட்டினார்கள். துண்டைக் கட்டிக்கொண்டு வந்து திறந்தார். அழுது வீங்கிய முகத்தோடு முத்தாத்தாள் கைகூப்பி நின்றாள்.

"ஏனுங்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. அவுரு மூஞ்சி மேல சொட்டுதுங்க. எடுக்கற வரைக்கும் மட்டும் தண்ணி பொழங்காம இருப்பீங்களா?"