இடப்பக்கம் இழுக்கும் மிஷின்

புது மிஷினைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட அக்கா தொட்டுப் பார்க்கவில்லை. எங்கள் தையல் கூடத்துக்கு வந்தது ஒன்றே ஒன்று. இருப்பவர்களில் மூத்தவள் என்பதால் முதல் உரிமை அவளுக்கு. "சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க. வேணாம்னா பக்கத்து சீட்டுக்குக் குடுத்துடுவேன்" என்றார் சூப்பர்வைசர். பக்கத்து சீட்டு நான்தான். ஆசை இல்லை என்று சொன்னால் அது பொய்.

அக்காவின் பழைய மிஷினுக்கு ஒரு பிறவிக் குணம். துணியை இடப்பக்கம் இழுத்துக்கொண்டே போகும். மெக்கானிக் எத்தனையோ தடவை பிரித்து மாட்டிவிட்டுக் கையை விரித்துவிட்டார். அக்கா மட்டும் வலது கையால் துணியை எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடித்தபடியே தைப்பாள். தலையணை உறைகள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி வந்து விழும். அவள் லீவு போட்ட அன்று அதில் நான் தைத்த உறையைப் போட்டால் தலையணையே கோபித்துக்கொள்ளும். "அதுக்கு என்னைய மட்டுந்தான் பிடிக்கும்" என்று அக்கா பீற்றிக்கொள்வாள். அந்தப் பீற்றலுக்கு வலது தோள் போய்விட்டது. கையைத் தூக்கித் தலை வார முடியாது, மகள்தான் வாரிவிடுகிறாள். அவளுக்கும் அடுத்த மாதம் வெளியூரில் வேலை.

"இந்தத் தோள வச்சுக்கிட்டு இன்னும் அதோட மல்லுக்கட்டணுமாக்கா?"

"இதோட கோணல் எனக்குத் தெரியும்டி. புதுசோட கோணல் யாருக்குத் தெரியும்?"



மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனோம். தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டுத் திரும்பி வந்தால், அக்கா புது மிஷினில் உட்கார்ந்திருக்கிறாள். பிளாஸ்டிக் உறை அழகாக மடிக்கப்பட்டுப் பக்கத்தில் இருந்தது.

"சும்மா பாக்கலாம்னுதான் உக்காந்தேன்" என்றாள், சர்க்கரை டப்பாவில் கை விட்டு மாட்டிக்கொண்டவள் போல.

ஒரு வெட்டுத்துணியை வைத்து மிதித்தாள். தையல் ஓரத்தை விட்டு உள்ளே உள்ளே ஓடியது. "பாத்தியா, இதுவும் இழுக்குது!" என்றபோது அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்குச் சந்தேகம் தட்டியது. அவளை எழுப்பிவிட்டு நான் உட்கார்ந்து தைத்தேன். நேராகப் போனது. அவள் மறுபடியும் உட்கார்ந்தாள், மறுபடியும் கோணியது.

"அக்கா, மிஷின் இழுக்கல."

அவள் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பாவமாக இருந்தது. ஆனால் அடுத்து என்ன செய்வாளோ என்று பார்க்காமல் போகவும் எனக்கு மனசில்லை, சாப்பாடு ஆறினால் ஆறட்டும்.

வலது கையை எடுத்து மடியில் போட்டாள். புதுத் துண்டு ஒன்றை வைத்து, இடது விரல்களால் பட்டும் படாமலும் தொட்டுக்கொண்டு, மெல்ல மிதித்தாள். துணி ஓரம் பிசகாமல் நகர்ந்தது.

"தானா போகுதுடி" என்றாள்.

அதற்குள் சூப்பர்வைசர் வாசலில் வந்து நின்றார். "என்னக்கா, முடிவு பண்ணிட்டீங்களா?"

அக்கா நிமிரவில்லை. ஊசிக்குப் பின்னால் தையல் நேராக வந்துகொண்டிருந்தது. மடியில் கிடந்த வலது கை மட்டும், வேலைச் சட்டையின் ஓரத்தைப் பற்றி, விடாமல் வலப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது.