அடுத்த கல்லறையின் கூழாங்கல்

ஹைஃபாவில் நவம்பர் மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. மாடி வீட்டுக்காரரைப் புதைத்து முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டுப் பிடித்துக்கொண்டது. சனங்கள் அவசர அவசரமாகப் புது மண்மேட்டில் ஆளுக்கொரு கூழாங்கல்லை வைத்துவிட்டு நகர்ந்தார்கள்.

ரிம்மாவுக்குக் கல் கிடைக்கவில்லை. தாஷ்கென்டிலிருந்து அம்மாவை அழைத்துக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்து ஐந்து வருடம் ஆகியும், யூதர்களின் வழக்கமெல்லாம் அவளுக்கு அரைகுறைதான். அவள் படித்தது பாலம் கட்டும் படிப்பு. தாஷ்கென்டில் கல்லறைக்குப் பூ கொண்டுபோவார்கள். அடுத்த கல்லறையின் மேல் கூழாங்கற்கள் குவிந்து கிடந்ததைப் பார்த்தாள். இத்தனை இருக்கிறதே, ஒன்று போனால் என்ன என்று எடுத்துவிட்டாள்.

"ஏம்மா! வை அதை!"

செத்தவரின் மைத்துனர் ஸ்ருல். ருமேனியாக்காரர், மெதுவாகப் பேசுவது என்றால் என்னவென்றே தெரியாதவர்.

"அது அந்த மனுஷனைப் பார்க்க வந்தவங்க வச்சுட்டுப் போனது. செத்தவன்கிட்டயே கை வைக்கிறியே, உயிரோட இருக்கிறவன்லாம் உன்கிட்ட என்ன பாடுபடுவான்?"

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ரிம்மாவுக்கு மானம் போனது. கல்லை இருந்த இடத்திலேயே வைத்தாள். யாருடையதைத் திருடினோம் என்றாவது தெரிந்துகொள்வோம் என்று, முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி எழுத்துக்கூட்டி ஹீப்ருவைப் படித்தாள்.

ஷ்ரகா ஃபாய்வெல் காஸ்பி. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் வேறு பெயர்கள். இந்த நாட்டில் நிறையக் கல்லறைகளில் அப்படி உண்டு. தனக்கென்று ஒரு குழிகூட வாய்க்காதவர்களுக்குச் சொந்தக்காரன் கல்லில் இடம் கொடுப்பார்கள்.

"தந்தை மோட்டெல், தாய் ஹோதே, அக்கா பெய்லா, தங்கை தொய்பே, தம்பி ஸெலிக். லெஸ்கோவிச் ஊரில் கொல்லப்பட்டவர்கள். புதைத்த இடம் தெரியாது."

மழை சட்டைக்குள் இறங்கியது அவளுக்குத் தெரியவில்லை. இந்தப் பெயர்களை அவள் பால்குடி நாளிலிருந்து கேட்டிருக்கிறாள். தாஷ்கென்டில் வருடத்துக்கு ஒரு சாயங்காலம், பாவமன்னிப்பு நாளுக்கு முன்னால், அம்மா ஜன்னல் திரையை இழுத்துவிட்டு ஒரு கண்ணாடி டம்ளருக்குள் மெழுகுவர்த்தி ஏற்றுவாள். இதே பெயர்களை, இதே வரிசையில் முணுமுணுப்பாள். ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம். அம்மாவின் வரிசையில் ஃபாய்வெல் இருந்தான், பெய்லா இல்லை. எப்படி இருப்பாள்? மெழுகுவர்த்தி ஏற்றியவளே பெய்லாதானே.

அந்தப் பெய்லா இந்த நேரத்தில் வீட்டில் உட்கார்ந்து, பீட்ரூட் தோலைச் சீவிக்கொண்டே தொலைக்காட்சியில் வரும் மந்திரிகளைத் திட்டிக்கொண்டிருப்பாள்.

சந்தோஷத்தில் ஓடிப்போய்ச் சொல்லக்கூடிய விஷயம்தான். ஆனால் ரிம்மா நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. வந்த நாளிலிருந்து ஸில்பர்மான் என்ற அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரை வைத்துக்கொண்டு அவள் ஏறாத படி இல்லை. அந்தப் பெயரில் இருக்கும் வெள்ளி, இந்த நாட்டுக்கு வந்து ஹீப்ருவில் காஸ்பி என்று மாறியிருக்கும் என அவளுக்குத் தோன்றவே இல்லை. மூன்று தடவை யாரோ கிடைத்தார்கள், மூன்று தடவையும் வேறு யாரோ. கடைசியாக வந்த கிழவருக்கு அம்மா மிளகு போட்டு மீன் உருண்டை செய்து வைத்துக் காத்திருந்தாள். அவர் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, தன் ஊர் போலந்தின் அந்தக் கோடி என்றார். அன்றைக்கு அம்மா தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சொன்னாள்: "ரிம்மா, இனிமே யாரோ கிடைச்சாங்கன்னு என்கிட்ட வராதே. இன்னொரு தடவை அவங்களைச் சாகக் கொடுக்க என்னால முடியாது."

அந்தப் பேச்சுக்குப் பிறகு தேடுவதையே ரிம்மா விட்டிருந்தாள்.

ஸ்ருலிடம் கல்லைக் காட்டி விஷயத்தைச் சொன்னாள். அந்தக் கத்தல்காரர் முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினார். "இங்கயே நில்லு" என்று சொல்லிவிட்டு மழையோடு மழையாக வாசலில் இருந்த அடக்கச் சங்க அறைக்குப் போனார். அங்கேயும் கத்தினார் போலிருக்கிறது. காஸ்பி வீட்டுத் தொலைபேசி எண்ணோடு வந்தார். கையில் ஒரு கூழாங்கல்லும் இருந்தது.

"இந்தா, வழியில பொறுக்கினது. யாரோடதும் இல்ல. வை."

சாயங்காலம் தெருமுனைத் தொலைபேசியிலிருந்து அழைத்தாள். எடுத்தது ஒரு பெண்.

"ஷ்ரகா காஸ்பியோட வீடா? நான்... லெஸ்கோவிச் மோட்டெலோட பேத்தி. பெய்லாவோட பொண்ணு."

அந்தப் பெண்ணின் குரல் கடுத்தது.

"இந்தாம்மா, எங்கப்பா போய் ஆறு வருஷம் ஆச்சு. இந்த மாதிரி விளையாட்டுக்கெல்லாம் நான் ஆளில்ல. அப்பா ஒருத்தர்தான் தப்பிச்சார், எங்க அத்தையை ஊரோட சேர்த்துக் கொன்னுட்டாங்க. அவங்க நினைவாத்தான் எனக்கே பெய்லான்னு பேரு வச்சாங்க. உயிரோட இருக்கிறவங்க பேரை நம்ம சனம் பிள்ளைக்கு வைப்பாங்களா?"

"அம்மா அன்னிக்கு ஊர்ல இல்ல. நர்சு வேலைக்குக் கிழக்கே அனுப்பியிருந்தாங்க. ஜெர்மன்காரன் சண்டைக்கு வந்ததும் ரயில்ல ஏத்தித் தாஷ்கென்டுக்குக் கொண்டுபோயிட்டாங்க."

"இதை யாரு வேணா சொல்லலாம்."

"சொல்லலாம்தான்" என்றாள் ரிம்மா. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "நானே நம்பாமத்தான் நிக்கிறேன். நீங்க ஏதாவது சொல்லுங்க. அப்பா அக்காவைப் பத்தி உங்ககிட்ட சொன்னது ஏதாவது. நான் போய் அம்மாகிட்ட பேச்சுவாக்குல கேட்டுப் பார்க்கறேன். தப்பா இருந்தா உங்களைத் தொந்தரவே பண்ணமாட்டேன்."

அந்தப் பக்கம் யோசித்துவிட்டு, "அப்பாவோட தாடையில ஒரு தழும்பு இருந்துச்சு" என்றாள். "அது எப்படி வந்துச்சுன்னு கேட்டுப் பாரு."

அம்மா சூப்பில் உப்பு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, உன் தம்பிக்கு முகத்துல ஏதாவது தழும்பு இருந்துச்சா?"

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?"

"சும்மா கேட்டேன்."

"சும்மா யாரு இதைக் கேப்பா?" என்றாள் அம்மா. ஆனாலும் கரண்டி நின்றுவிட்டது. "பனி உறையுற காலத்துல தெருக் குழாயோட இரும்புக் கைப்பிடியை நக்கித் தொலைச்சான், கழுதை. நாக்கு ஒட்டிக்கிச்சு. ஊரே கூடி யோசனை பண்ணிச்சு. நான் கொதிக்கிற டீயைக் கொண்டுபோய் ஊத்தினேன். நாக்கு வந்துடுச்சு, தாடை வெந்துபோச்சு. வாழ்நாள் முழுக்க இதைச் சொல்லிக் காட்டுவேன்டின்னு கத்தினான்."

ரிம்மா கதவைக்கூடச் சாத்தாமல் தெருமுனைக்கு ஓடினாள். டீ என்று சொல்லி வாய் மூடுவதற்குள் மறுமுனையில் அந்தப் பெண் ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

மறுநாள் காலையில் சின்ன பெய்லா வந்து நின்றாள். நாற்பதைத் தாண்டியவள், கெட்டிக்கார முகம். கிழவி அவளை வெளிச்சத்துக்கு இழுத்து, தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"எங்கம்மா மூக்கு. பாவம், உனக்குப் போய் வந்துருக்கு."

மூன்று பேரும் சிரித்துக்கொண்டே அழுதார்கள். நாற்பது வருடமாக இதே ஹைஃபாவில்தான் தம்பி இருந்தான், தான் வருவதற்கு ஒரு வருடம் முன்னால்தான் போனான் என்று கேட்டபோது மட்டும், கிழவி சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். யாரும் அவளைத் தேற்றப் போகவில்லை. விருந்தாளிக்குச் செய்து வைத்த மீன் உருண்டை ஆறிப்போன பிறகு அவளாகவே எழுந்து, கோட்டை எடுத்து மாட்டினாள்.

கல்லறையில் வெயில் அடித்தது. கிழவி தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தாள்.

"அத்தை, கல் வெட்டுறவரை இன்னிக்கே கூப்பிடறேன்" என்றாள் சின்ன பெய்லா. குற்றம் செய்தவள்போல் பேசினாள். "உங்க பேரை எடுத்துடலாம். உயிரோட இருக்கிறவங்க பேரைப் போய்... அதுவும் போதாதுன்னு உங்க பேரையே நானும் வச்சுக்கிட்டு..."

"தொடாதே. மரண தூதன் இதைப் படிச்சுட்டு, 'ஓ, இவ வந்தாச்சு போல'ன்னு என் வீட்டுப் பக்கமே வராம இருந்திருக்கான். எதுக்கு அவனுக்குப் போய்த் தப்பைத் திருத்திக் காட்டணும்?"

பிறகு சிரிப்பு அடங்கிய குரலில் கேட்டாள்:

"செத்தவங்களுக்குச் சொல்ற கதீஷ் ஜெபத்தை எனக்கும் சொன்னானா?"

"வருஷா வருஷம், அத்தை. செத்த நாள் தெரியாதவங்களுக்குன்னு இருக்கிற நாள்ல. அந்த ஜெபத்துக்கு வேண்டிய பத்து ஆம்பளை சேரலைன்னா தெருவுல போறவங்களைப் பிடிச்சுட்டு வருவார்."

"நான் அவனுக்கு வருஷா வருஷம் மெழுகுவர்த்தி ஏத்தினேன்." கிழவி கல்லின் மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்தாள். "அங்க நான் டைபாய்டுல கிடந்து பிழைச்சேன். வீடு இடிஞ்சு விழுந்த பூகம்பத்துல பிழைச்சேன். எப்படிப் பிழைச்சேன்னு எனக்கே தெரியாது. இவனும் இங்க எத்தனை சண்டையைப் பார்த்திருப்பான்?"

"மூணு சண்டைக்குப் போனார். ஒரு கீறல்கூட இல்லாம வந்தார்."

கிழவி தலையை ஆட்டினாள்.

"செத்துட்டாங்கன்னு நினைச்சு அனுப்பினதெல்லாம் உயிரோட இருந்தவங்களுக்கு வந்து சேர்ந்திருக்கு" என்றாள். "ரொம்ப நன்றிடா, தம்பி. எனக்கு வந்துச்சு."