விரலை எடுத்த பிறகு

செல்பேசித் திரையில் ஒரு பட்டியலைத் தள்ளிவிட்டு விரலை எடுத்த பிறகு, அது எவ்வளவு தூரம் வழுக்கி எங்கே நிற்க வேண்டும் என்று நிரல் எழுதுவதுதான் அவன் வேலை. ஆபீசில் அவனுக்கு வெண்ணெய் என்று பெயர். அதைப் பாராட்டு என்றே நம்பினான்.

திங்கட்கிழமை மேனேஜர் இருபது பேரையும் நிற்க வைத்துச் சொன்னார்: "ஒருத்தரை வீட்டுக்கு அனுப்பணும். நானா தேர்ந்தெடுத்தா பாவம். எல்லார் பேரையும் பட்டியலாப் போட்டு, வெள்ளிக்கிழமை ஒரே தள்ளு. நடுக்கோட்டுல யார் பேர் நிக்குதோ அவங்க கிளம்பலாம். வெண்ணெய், செஞ்சு குடுத்துடு."

வெண்ணெய் மூன்று நாள் மேனேஜரின் கட்டைவிரலை அளந்தான். வறுவல் தின்ற பிசுக்கு அப்பிய அவருடைய போனில் விரல் எப்போதும் ஒட்டி ஒட்டி ஒரே சோம்பல் வேகத்தில்தான் நகர்ந்தது. அந்த வேகத்துக்குப் பட்டியல் சரியாகப் பன்னிரண்டாவது பெயரில் நிற்கும்படி உராய்வை வைத்தான். பன்னிரண்டில் தன் மச்சினன் பெயரை வைத்தான். தன் பெயரை அந்த விரலுக்கு எட்டாத இருபதில். எதற்கும் இருக்கட்டும் என்று பட்டியலின் முடிவில் ரப்பர்போல் இழுபட்டுத் திரும்பும் ஒரு துள்ளலும் சேர்த்தான். தொழில் சுத்தம்.

மச்சினன் அங்கேயே நிரல்களைச் சோதிக்கும் டெஸ்டர். சிபாரிசு செய்ததே வெண்ணெய்தான். ஆனால் போன வாரம் சாப்பிடும்போது அவன், "அத்தான் வேலையே நாம கைய எடுத்தப்புறம்தாம்மா ஆரம்பிக்குது" என்றான். மாமியாருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. மனைவிதான் தண்ணீர் கொடுத்தாள், அவளும் சிரித்துக்கொண்டே.

வெள்ளிக்கிழமை மேனேஜர் தள்ளினார். பன்னிரண்டு பறந்தது. பதினைந்து, பதினெட்டு, இருபதும் கோட்டைத் தாண்டியது. கோட்டில் ஒன்றுமில்லை. வெண்ணெய்க்கு மூச்சு வந்தது. அதற்குள் அவனுடைய துள்ளல் பட்டியலை மெதுவாகத் திரும்ப இழுத்து, அவன் பெயரைக் கோட்டில் கொண்டுவந்து வைத்தது.

"என்ன அழகா வந்து நிக்குது பாரு" என்றார் மேனேஜர். "போறதுக்கு முன்னாடி அதை உன் மச்சினனுக்குச் சொல்லிக் குடுத்துடு."

மச்சினன் கையில் ஈரத்துணி இருந்தது.

"நல்ல காரியத்துக்கு அழுக்குப் போன் எதுக்குன்னு இப்பதான் துடைச்சுக் குடுத்தேன். தப்பா அத்தான்?"

தப்பு என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். வெண்ணெய் இல்லையென்று தலையாட்டினான்.

"வீட்டுல நானே சொல்லிக்கறேன்" என்றான் மச்சினன். "அம்மா சாப்பிட்டு முடிச்சப்புறம் சொல்றேன், போதுமா?"