பழனியம்மா வாசலுக்கு ஒல்லி டயர்

மகிழனின் ஜீப் பைத்தியம் தங்கச் சுரங்கத்துக் குடியிருப்பான சாம்பியன் ரீப்ஸ் முழுக்கத் தெரிந்த கதை. பக்கத்து நந்திதுர்க்கில் ஒரு கொட்டகைக்குள் கோழிகள் குடியிருந்த பழைய பட்டாளத்து ஜீப்பை வாங்கி வந்தான். பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போய்வந்த நேரம் போக, மிச்ச நேரமெல்லாம் அதன் அடியிலேயே படுத்துக் கிடந்தான். இன்ஜின் உயிர் பெற்றது, பச்சைப் பெயின்ட் ஏறியது, ஹாரன் கூட அலறியது. டயர் மட்டும் பாக்கி.

அகலமான டயர்தான் போடுவது என்று மனதுக்குள் எப்போதோ முடிவு செய்துவிட்டான். மட்கார்டுக்கு வெளியே பிதுங்கிக்கொண்டு நிற்க வேண்டும், பார்க்கிறவன் ஒதுங்கிப் போக வேண்டும் என்று ஆசை. ஆண்பிள்ளைகளின் ஆசைகளில் பாதி இந்த ரகம்தான், விட்டுத்தள்ளலாம். ஆனால் இந்த முறை அவன் ஆசையோடு ஒரு வாக்கும் சேர்ந்து கிடந்தது.

வாக்கு கொடுத்தது மாமியாருக்கு. மனைவி தாராவின் அம்மா பழனியம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்து இரண்டு வருஷமாகிறது. புத்த பூர்ணிமா ஊர்வலத்தில் புத்தரைச் சுமந்து வரும் மினி லாரி, மெயின் ரோட்டோடு போய்விடும்; சுரங்கக் கம்பெனி வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளின் சந்துக்குள் அது நுழையாது. நாற்காலியில் உட்கார வைத்து ரோட்டுக்குத் தூக்கிப் போகிறோம் என்று போன வருஷம் கெஞ்சினார்கள். கிழவி மசியவில்லை.

"என்னத் தூக்கினு போற நாளு ஒண்ணு வரும். அன்னிக்குத் தூக்குங்க. இப்போ அவரு வரட்டும்" என்று சொல்லிவிட்டாள். அவர் என்றது புத்தரை.

அதைக் கேட்டுக்கொண்டிருந்த மகிழனுக்கு எங்கிருந்தோ வீரம் வந்துவிட்டது. "இந்த வருசம் என் ஜீப்புல உங்க வாசலுக்கே வருவாரு அத்தை" என்றான். ஊர்வலக் கமிட்டியும் சரி என்றது, ஒரு நிபந்தனையோடு. சந்தில் ஒரு முனையில் நுழைந்த ஊர்வல வண்டி மறுமுனையில்தான் வெளியேற வேண்டும், ரிவர்ஸ் எடுக்கக் கூடாது. வந்த புத்தர் பின்வாங்கக் கூடாது என்பது கமிட்டி சொல்லும் காரணம். யாரோ ஒருவர் ரிவர்ஸ் எடுத்துத் தண்ணீர் டிரம்களை வரிசையாக நசுக்கியதுதான் நிஜக் காரணம் என்று தாரா சொல்வாள். எப்படியானாலும், ஜீப் பாதியில் மாட்டிக்கொண்டால் மானம் போய்விடும்.

டயர் வாங்க, தேய்ந்த பழைய டயரிலேயே ஜீப்பை ஓட்டிக்கொண்டு அவனும் தாராவும் கோலாருக்குப் போனார்கள். கடைக்காரர் முன் சக்கரங்கள் இரண்டிலும் அகல டயரை மாட்டிக் காட்டினார். மகிழன் தள்ளி நின்று பார்த்தான். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது கூட அப்படிப் பார்த்ததில்லை.

"சந்துல போவுமா?" என்றாள் தாரா.

"அளந்துட்டேன். நம்ம லைன்ல தாராளமா போவும்."

"எங்கம்மா லைன்ல அளந்தீங்களா?"

"எல்லா லைனும் கம்பெனி கட்டினதுதானே. ஒரே அளவு."

தாரா சிரித்தாள். "கம்பெனி கட்டினது சரிதான். எங்கம்மா வாசலுக்கு எதிர்ல ராஜப்பா பாத்ரூம் கட்டிகீறாரே, அதையும் கம்பெனியா கட்டிச்சு?"

கைப்பையிலிருந்து ஒரு துணிக்கொடிக் கயிற்றை எடுத்தாள். அம்மா வீட்டு வாசலுக்கும் ராஜப்பாவின் பாத்ரூம் சுவருக்கும் இடையே பிடித்து வெட்டிக்கொண்டு வந்த கயிறு. ஒரு டயரின் வெளி விளிம்பில் வைத்து மறுபக்கம் இழுத்தார்கள். கயிறு போதவில்லை. மகிழன் இன்னும் பலமாக இழுத்துப் பார்த்தான். இழுத்தால் கயிறு நீளும், சந்து அகலுமா?

கடைக்காரர் உள்ளே போய், குறுக்கே கட்டை கட்டையாகப் பட்டை வைத்த ஒல்லி டயர் இரண்டை உருட்டி வந்தார்.

"பட்டாளத்து டயரு சார். உங்க ஜீப்பு மொதல்ல இதத்தான் போட்டுனு இருந்துருக்கும். ஸ்வல்ப ஒல்லி, அஷ்டே, அவ்ளோதான். சேத்துல மேல மெதக்காது, அறுத்துனு போயி கெட்டித் தரையப் புடிக்கும். ஆனா ஈரத் தார் ரோட்ல பிரேக்க மெதுவா போடுங்க."

மாட்டிப் பார்த்தபோது மகிழனின் முகம் தொங்கிப்போனது. பயில்வானுக்குக் குச்சிக் கால் வைத்த மாதிரி இருந்தது வண்டி. கயிறு மட்டும் இந்த முறை நாலு விரல் மிஞ்சியது. தாரா கயிற்றைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டாள். நாலும் அதுவே போடுங்க என்றான் மகிழன்.

திரும்பும் வழியில் அவன் மனம் மாறிவிட்டது. வரும்போது மல்லுக்கட்ட வேண்டியிருந்த ஸ்டீயரிங் சொன்ன பேச்சைக் கேட்டது. பட்டைகள் தார் ரோட்டில் ஒரே சுருதியில் முனகின. வீடு வந்து சேர்வதற்குள் ஒல்லி டயர்தான் அழகு என்று அவனே தாராவிடம் வாதாடிக்கொண்டிருந்தான்.

பூர்ணிமா அன்று சாயங்காலம் ஜீப்பின் பின்பக்கம் முழுக்கப் பூத்தோரணம். நடுவில் புத்தர், இடது பக்கத்து வாசல்களைப் பார்த்தபடி. தாரா முன்சீட்டில். சந்தில் கூட்டம் வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் பிரிந்து நடந்தது. ராஜப்பா தன் பாத்ரூம் கூரை மேல் ஏறி நின்று, "வா, வா, லெப்ட்டு, இன்னும் லெப்ட்டு" என்று கத்திக்கொண்டிருந்தார். குற்ற உணர்ச்சி போலும். மகிழன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினான். வலப்பக்கம் சுவர், இடப்பக்கம் சுவர், கை நுழையாத இடைவெளி. புத்தர் சரியாகப் பழனியம்மா வாசலுக்கு நேரே நின்றார். இன்ஜினை அணைத்தான். சாதித்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் மூச்சு விட்டான்.

அப்புறம்தான் எல்லோருக்கும் அது உறைத்தது. தாராவால் இறங்க முடியவில்லை. அம்மாவின் பூத்தட்டை வாங்கி, மெழுகுவத்தி ஏற்றி வைக்க வேண்டியவள் அவள். பின்னாலிருப்பவர்களும் வர முடியாது. லைன் வீட்டுக்கு ஒரே வாசல், அந்த வாசலை ஜீப் அடைத்துக்கொண்டு நிற்கிறது.

வாசலை ஒட்டிய கட்டிலில் பழனியம்மா மடியில் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். இரண்டு வருஷமாக அவளைத் தன் காபி டம்ளரைக் கூட எடுக்க விட்டதில்லை யாரும். இப்போது எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் வலது கையால் இடது கையைத் தூக்கித் தீப்பெட்டியின் மேல் வைத்தாள். அந்தக் கையின் கனமே பெட்டியை நகராமல் பிடித்துக்கொண்டது. முதல் குச்சி ஒடிந்தது. இரண்டாவது பொறிந்து அணைந்தது.

"யாராச்சும் கொளுத்திக் குடுங்கப்பா" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"அம்மா, நான்..." என்று தாரா எழுந்தாள்.

"நீ உக்காரு."

மூன்றாவது குச்சி பற்றியது. மெழுகுவத்தியை ஏற்றினாள். மல்லிகைச் சரத்தை எடுத்து, உடம்பை முன்னால் சாய்த்து, கையை நீட்டினாள். எட்டியது. புத்தரின் மடியில் வைத்தாள். மகிழன் தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். தாரா கன்னமெல்லாம் நனையச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் முடிந்ததென்று நினைத்து அவன் சாவியில் கை வைத்தான்.

"இன்னா மாப்ள அவசரம் உங்களுக்கு? இன்னும் ஊதுவத்தி கீது" என்று சொல்லிவிட்டு, பழனியம்மா நிதானமாக அடுத்த குச்சியை எடுத்தாள்.