காது முளைத்த வீடு

சனிக்கிழமை காலையிலிருந்தே ஓசிரிஸுக்குத் தலைகால் புரியவில்லை. தலையையாவது சொல்லலாம், கால்கள் இரண்டும் ரொம்ப நாளாகவே அவன் பேச்சைக் கேட்பதில்லை. வில்லா ஃபரோ பேட்டையில் மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றிப் பிழைத்தவன் அவன். ஒரு மழை நாளில் எதிரே வந்த லாரி வண்டியோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம், அவன் இடுப்புக்குக் கீழே இருந்த உணர்வையும் சேர்த்துக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து சக்கர நாற்காலிதான். சுவரில் இருக்கும் சுவிட்சு ஒவ்வொன்றும் எட்டாத உயரத்தில் நின்று அவனைப் பார்த்துப் பல்லிளித்துக்கொண்டிருந்தது.

இன்று அந்தப் பல்லெல்லாம் கொட்டிவிட்டது. "பெட்ரா, ஃபேன்" என்றான். ஃபேன் சுழன்றது. "பெட்ரா, கதவு" என்றான். வாசல் தாழ்ப்பாள் டக்கென்று விட்டுக்கொடுத்தது. "பெட்ரா, பாட்டு" என்றதும், காதலி கைவிட்ட ஒருவன் கிட்டாரோடு சேர்ந்து அழ ஆரம்பித்தான்.

பெட்ரா என்பது லாரிக்கடியில் போன அவனுடைய வண்டியின் பெயர். வண்டியில் மிஞ்சியது பாட்டரி மட்டும். அந்தப் பாட்டரியில்தான் இப்போது வீட்டின் காது ஓடுகிறது. காது என்றால், திரை நொறுங்கிப்போன ஒரு பழைய போன். அதைத் தெருமுனையில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சேலோ சமையலறை அலமாரியில் சாய்த்து வைத்திருந்தான். இன்டர்நெட்டைக் கேட்காமலே பேச்சைப் புரிந்துகொள்ளும் ஒரு நிரலை அதில் ஏற்றியிருந்தான். போன் கேட்டதைத் தீப்பெட்டி அகலத்தில் இருக்கும் சின்னச் சின்ன சர்க்யூட்டுப் பலகைகளுக்குச் சொல்லும். அவை மின்சாரத்தைத் திறக்கும், மூடும். எல்லாம் வீடியோ பார்த்துக் கற்றது. மொத்தச் செலவு ஒரு நல்ல டயர் விலையைத் தாண்டவில்லை.

இத்தனையும் விளையாட்டுக்கு இல்லை. மாலையில் அக்கா நுரிஸ் வருகிறாள். நகரின் மறுபக்கம், நாக்கோவில், லிஃப்ட் வைத்த அடுக்குமாடியில் குடியிருப்பவள். தம்பியை அங்கே கூட்டிப்போய்ப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று கால் போன நாளிலிருந்து ஒற்றைக் காலில் நிற்கிறாள். ஓசிரிஸ் ஒரு பந்தயம் கட்டியிருந்தான். வீடு அவன் சொன்னபடி கேட்டால் இங்கேயே இருப்பான். கேட்காவிட்டால் மறுபேச்சில்லாமல் பெட்டியைக் கட்டுவான். அவள் இருப்பது பதினோராவது மாடி. அங்கே ஜன்னலுக்கு வெளியே மேகத்தைத் தவிர வம்பு பேச ஒரு ஆள் கிடையாது.

"எல்லாத்தையும் ஒரே அடியா போடறதுக்கு ஒரு வார்த்தை வேணும்டா" என்றான் ஓசிரிஸ். "கடைசில அதச் சொல்லி அக்காவ அசத்தணும்."

"பெட்ரா எல்லாம்னு வெச்சுக்கவா?" என்றான் சேலோ.

"உப்புச் சப்பில்லாம இருக்கு. எல்லாம் ஒண்ணா எரியும்போது நம்ம தெருவுல என்ன சொல்லுவோம்? கரண்டு வந்துருச்சுன்னு கத்துவோம்ல? அதையே வை. பேரெல்லாம் வேண்டாம், அத யாராவது பேரு சொல்லிக் கூப்பிட்டா கத்துவாங்க?"

சேலோ தொடையில் தட்டி ரசித்தான். உடனே போட்டான். உலகத்தில் எத்தனையோ பேர் இந்த மாதிரிக் காது வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் தவறு வரும். ஆனால் இந்தத் தவறைச் செய்ய எங்கள் தெருவில் பிறந்திருக்க வேண்டும். தினமும் போய்ப் போய் வருகிற மின்சாரம் வரும்போதெல்லாம் குழந்தையிலிருந்து கிழம்வரை கத்துகிற ஊரில், அந்தக் கத்தலையே சாவியாக வைத்த இரண்டு மேதாவிகளையும் என்ன சொல்வது? அன்றைக்குக் காலையிலிருந்து கரண்டு போகவே இல்லை என்பதுதான் அவர்களுடைய புத்தியைக் கெடுத்திருக்க வேண்டும்.

நுரிஸ் நேராக அழகு நிலையத்திலிருந்து வந்தாள். சூடு காட்டி நேராக்கிய கூந்தல் முதுகில் பட்டுத்துணியாக வழிந்தது. இரவு ஒரு கல்யாணம். அவளுக்குப் பின்னால் டிரைவர் ஒரு பெரிய காலிப் பெட்டியை இறக்கி முன்தாழ்வாரத்து விளிம்பில் வைத்துவிட்டுப் போனான். ஓசிரிஸ் நாற்காலியை உருட்டிக்கொண்டு போய்ப் பெட்டியைத் தட்டிப் பார்த்தான்.

"பெட்டியோடவே வந்துட்டியா? நம்பிக்கைன்னு ஒண்ணு கிடையாதா உனக்கு?" என்றான்.

"உம்மேல எனக்கு இருக்கற நம்பிக்கை அந்தப் பெட்டி கொள்ளற அளவுக்கு இருக்குடா. காட்டு, உன் கச்சேரிய."

காட்டினான். விளக்கு எரிந்தது, அணைந்தது. ஃபேன் அவள் கூந்தல் பக்கம் போகாமல் மரியாதையாகச் சுற்றியது. "பெட்ரா, மோட்டார்" என்றதும் தரைத்தொட்டியிலிருந்து தண்ணீர் கூரைமேல் இருக்கும் தொட்டிக்கு ஏறியது. தொட்டி நிரம்பியதும் "பெட்ரா, போதும்" என்றான், நின்றது. தானாக நிற்க ஒரு மிதவை போடவேண்டும், அடுத்த வாரம் வாங்கலாம் என்று சேலோ முணுமுணுத்தான். நுரிஸின் புருவம் இரண்டும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ஏறின. வாசலில் மாவைத் தட்டி எண்ணெயில் போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மரித்ஸா, எட்டிப் பார்த்துவிட்டுத் தானே செய்தமாதிரி பெருமையோடு திரும்பிப் போனாள்.

"சரி, விளக்கு போடுது, தண்ணி ஏத்துது" என்றாள் நுரிஸ். குரல் தணிந்துவிட்டது. "நடுவீட்ல நீ விழுந்து கிடந்தா? அப்ப யாருடா வருவா? அந்த ஒடஞ்ச போனு வந்து தூக்குமா உன்ன?"

ஓசிரிஸ் அக்காவை நிமிர்ந்து பார்த்தான். இவள் கண்ணை மூடினால் இந்தக் காட்சிதான் வருகிறது, அதனால்தான் பெட்டியோடு வருகிறாள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கோபம் வரவில்லை, வருத்தமாக இருந்தது.

"அக்கா, முதல்ல பப்பாளி ஜூஸ் குடிங்க" என்று இடையில் புகுந்தான் சேலோ. பப்பாளியும் பாலும் சர்க்கரையும் மிக்ஸியில் தயாராக இருந்தன. "பெட்ரா, மிக்ஸி" என்றான் ஓசிரிஸ். மிக்ஸி ஒரு சுற்றுச் சுற்றி உயிரை விட்டது. ஃபேனும் நின்றது. தெரு முழுக்க ஒரு பெருமூச்சு கேட்டது. கரண்டு போய்விட்டது.

"இதுவும் நிகழ்ச்சியில ஒரு ஐட்டமா?" என்றாள் நுரிஸ்.

சேலோ மிக்ஸி மூடியைத் திறந்து கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தான். நுரிஸ் காற்றுக்காகத் தாழ்வாரத்து விளிம்புக்குப் போனாள். கூரைத் தொட்டியின் வடிகுழாய் சரியாக அங்கேதான் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஓசிரிஸ் அதைக் கவனித்தான். தொட்டி நிரம்பியிருக்கிறதே என்று பாதி நினைப்பு வருவதற்குள் கரண்டு வந்துவிட்டது.

தெரு கத்தியது. எதிர் வீட்டு மாடியில் கத்தினார்கள், கீழே வாசலோரம் மேசை போட்டு டோமினோக் கட்டை ஆடிக்கொண்டிருந்த நாலு பேர் கத்தினார்கள், மரித்ஸா எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்று தொண்டை கிழியக் கத்தினாள். பலகைகள் கண் விழிக்கச் சில நொடிகள் ஆகும். தெரு அதற்குள் அடங்கவா போகிறது? போன் தன் கடமையைச் செய்தது.

விளக்குகள் எல்லாம் எரிந்தன. கைவிடப்பட்ட காதலன் முழுத் தொண்டையில் அழுதான். மூடியில்லாத மிக்ஸி பப்பாளியைச் சேலோவின் மூக்குக் கண்ணாடியிலும், மிச்சத்தைக் கூரையிலும் அடித்தது. வாசல் கதவு திறந்துகொண்டது. மோட்டார் ஓடியது, மேலே இடமில்லாத தண்ணீர் குழாய் வழியாக இறங்கி, அழகு நிலையத்தில் பகல் முழுக்க உட்கார்ந்து சம்பாதித்த கூந்தலைத் தோளிலிருந்து கீழே ஒரே கொட்டில் நனைத்தது.

நுரிஸ் போட்ட அலறலைக் கேட்டுத் தெரு ஒரு கணம் வாயை மூடியது.

"பெட்ரா, போதும்" என்றான் ஓசிரிஸ். பாட்டுச் சத்தத்தில் பெட்ராவுக்குக் காது கேட்கவில்லை. "போதும், பெட்ரா" என்று கெஞ்சினான். சேலோ கத்தினான், நுரிஸ் கத்தினாள். அவரவர் வேறு வேறு வார்த்தையைக் கத்தியதில், கேட்டிருந்தாலும் அதற்குப் புரிந்திருக்காது. போனைப் பிடித்துவிடலாம் என்று ஓசிரிஸ் நாற்காலியை உருட்டினான். சக்கரம் பப்பாளியில் ஏறியது. நாற்காலி ஒரு பக்கம் போனது, அவன் ஒரு பக்கம் போனான்.

நடுவீட்டில் மல்லாந்து கிடந்தான். அக்கா சொன்ன அதே காட்சி. ஒரு வித்தியாசம், அவனுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

நுரிஸ் தாழ்வாரத்திலிருந்து அவன் பெயரைச் சொல்லிக்கொண்டு ஓடிவந்தாள். அவள் வருவதற்குள் இடமில்லை. திறந்த கதவு வழியாக டோமினோ மேசையே உள்ளே வந்துவிட்டது. ஒருவன் அக்குளில் கை கொடுத்தான், ஒருவன் இடுப்பைப் பிடித்தான், ஒருவன் நாற்காலியை நிமிர்த்தினான். நான்காமவன் தன் டோமினோக் கட்டைகளை மற்றவர்கள் பார்த்துவிடாதபடி மார்போடு அணைத்துக்கொண்டே ஒரு கையால் முதுகைத் தாங்கினான். தூக்கிய தூக்கில் தடுமாற்றமே இல்லை. எங்கே பிடிக்க வேண்டும், எங்கே பிடித்தால் வலிக்கும் என்று அவர்கள் கைகளுக்குத் தெரிந்திருந்தது.

"போன செவ்வாக்கிழமையும் இதே மாதிரி விழுந்தான் இந்தத் தடியன்" என்றாள் மரித்ஸா, எண்ணெய்க் கரண்டியோடு உள்ளே வந்து. "அன்னிக்காவது குளியலறையில விழுந்தான், சுத்தமா இருந்தான்." பிறகுதான் நுரிஸின் தலையைப் பார்த்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள். ஒரு பெண்ணுக்கு மட்டுமே புரியக்கூடிய துக்கம் அவள் முகத்தில் வந்தது. இடுப்பில் செருகியிருந்த பிளாஸ்டிக் பையை எடுத்து உதறி, ஒன்றும் கேட்காமல் நுரிஸின் தலையில் மாட்டி, நெற்றியில் முடிச்சுப் போட்டாள். "வேர் இன்னும் காஞ்சுதான் இருக்கு. தப்பிச்சிடும். அசையாம இருங்க."

அப்போது மறுபடியும் கரண்டு போனது. அதற்கே பொறுக்கவில்லை போலிருக்கிறது. பாட்டு நின்றது, மிக்ஸி நின்றது. கூரையிலிருந்து பப்பாளி சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

பந்தயம் தோற்றாயிற்று என்று ஓசிரிஸுக்குத் தெரிந்தது. வீடு அவன் சொன்னபடி கேட்கவில்லை, ஊர் சொன்னபடி கேட்டது. சிரிப்பு வடிந்துபோய்த் தலையைக் குனிந்துகொண்டான். சேலோ கண்ணாடியைச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டு அலமாரியிலிருந்த போனை எடுத்தான்.

"மன்னிச்சுக்குங்க அக்கா. அந்த வார்த்தைய அழிச்சிடறேன்."

"ஏன் அழிக்கற? இருக்கட்டும்" என்றாள் நுரிஸ்.

தலையில் பையோடு குளிர்சாதனப் பெட்டியில் சாய்ந்து நின்றிருந்தாள். கண்கள் டோமினோக் கட்டைகளை அணைத்துக்கொண்டு நின்றவன் மேல் இருந்தன.

"எங்க பில்டிங்ல ஜெனரேட்டர் தானா ஓட ஆரம்பிச்சிடும். கரண்டு போறதும் தெரியாது, வரதும் தெரியாது. யாரும் கத்தறதில்ல. எதிர் வீட்டுக்காரி பேரே எனக்குத் தெரியாதுடா ஓசிரிஸ்" என்றாள். "போன மாசம் நான் குளியலறையில வழுக்கி விழுந்தேன். உங்கிட்டச் சொல்லல. நானேதான் எழுந்திரிச்சேன்."

ஓசிரிஸ் நாற்காலியை உருட்டிக்கொண்டு போய் அவள் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டான். கொடுப்பதற்குக் கதவும் ஃபேனும் தவிர அவனிடம் என்ன இருக்கிறது?

நுரிஸின் முதுகுக்குப் பின்னால் குளிர்சாதனப் பெட்டி ஒருமுறை உடம்பைச் சிலிர்த்துக்கொண்டது. தெருவுக்கு இன்னும் தெரியாது. அவளுக்குத்தான் முதலில் தெரிந்தது. சிறுமியாக இதே வீட்டில் கட்டில்மேல் ஏறி நின்று கத்திய அந்தத் தொண்டை அவளிடம் பத்திரமாக இருந்தது.

"கரண்டு வந்துருச்சு" என்று கத்தினாள். கத்திவிட்டு மூச்சு வாங்கி மறுபடியும் கத்தினாள். தெரு அவளுக்குப் பின்பாட்டுப் பாடியது. காதலன் அழுதான், மிக்ஸி மிச்சப் பப்பாளியைத் தேடியது, மோட்டார் ஓடியது. அவள் தலையில் பையோடு நடுவீட்டில் நின்று, தம்பியின் கையை விடாமல், கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவளை இத்தனை சத்தமாகச் சிரித்து ஓசிரிஸ் பார்த்து வருடங்களாகியிருந்தன.

"அந்த மிதவைய வாங்கித் தொலைங்கடா" என்று பாட்டுக்கு மேலாகக் கத்தினாள். "அடுத்த சனிக்கிழமை வரும்போது நான் இப்படிப் பைய மாட்டிக்கிட்டு நிக்க மாட்டேன்."

ஓசிரிஸ் வாசலைப் பார்த்தான். தாழ்வாரத்தில் அந்தப் பெரிய பெட்டி அப்படியே நின்றிருந்தது. வடிகுழாய்த் தண்ணீர் அதன்மேல் விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. அதை நகர்த்த வேண்டும் என்று அக்காவுக்குத் தோன்றவே இல்லை.