டார்ச் பிடித்த கை

கம்ப்யூட்டர் மறுபடியும் உறைந்து நின்றது. படம் முக்கால்வாசி வந்திருந்தது. அடுப்பு மேடை வந்துவிட்டது, அலமாரிகள் வந்துவிட்டன, ஜன்னல் வருவதற்குள் மூச்சை நிறுத்திக்கொண்டது சனியன். மவுஸை ஆட்டினாள், தட்டினாள், திட்டினாள். ம்ஹூம், அசையவில்லை.

சமையலறை அமைத்துக் கொடுக்கும் கம்பெனி ஒன்றுக்கு, சமையலறை கட்டி முடிந்தால் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே படம் போட்டுக் கொடுப்பது அவள் வேலை. ஏற்கெனவே இரண்டு படம் தாமதம். "இன்னிக்கு நாலு மணிக்குள்ள வரலைன்னா வேற ஆளைப் பாத்துக்கறோம்மா, தப்பா நினைக்காதீங்க" என்று மேனேஜர் காலையில்தான் சொல்லியிருந்தார். தப்பாக நினைக்காமல் வேறு எப்படி நினைப்பதாம்!

கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டால் கை சுட்டது. அதற்கு அவள் பார்க்காத வைத்தியமா? தூசி தட்டினாள், சூடு இறங்கட்டும் என்று பிராசஸருக்குப் புதுப் பசை தடவினாள். போன ஞாயிற்றுக்கிழமை கணவரும் பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் பிடித்தார். அவர் பஸ் டிரைவர். விடியுமுன்னே வண்டி எடுத்துவிட்டு, மதியம் வந்து இதே அறையில்தான் தூங்குவார். அந்தத் தூக்கத்தையும் விட்டுவிட்டு உதவுகிறாரே என்று அவளுக்கு மனசு இளகிப்போனது. "உனக்கும் மெஷினுக்கும் ராசியில்லம்மா, விட்டுத்தள்ளு" என்று அவர் சொன்னதைக்கூட நம்பித் தொலைத்தாள்.

இன்று அவர் இன்னும் வரவில்லை. கரண்டை நிறுத்தி, பக்கத் தகட்டைக் கழற்றி, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு தலையை உள்ளே விட்டாள். பின்பக்க மூலையில், சூட்டை வெளியே தள்ளும் ஃபேன். அதன் ஒயர் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. தானாகக் கழன்ற ஒயர் இப்படியா இருக்கும்? அழகாக மடித்து, மற்ற ஒயர்களுக்குப் பின்னால் டேப் போட்டு ஒட்டியிருந்தது. பச்சை டேப். கணவரின் சாப்பாட்டு டப்பா கைப்பிடியில் சுற்றியிருக்கும் அதே டேப்.

ஞாயிற்றுக்கிழமை இந்த மூலையை எப்படிக் கவனிக்காமல் விட்டோம்? யோசித்துப் பார்த்தாள். வெளிச்சம் இந்தப் பக்கம் வரவே இல்லை.

கதவு திறந்தது. "மறுபடியும் படுத்துடுச்சா? கொடு, நான் புடிக்கிறேன்" என்று சட்டையைக்கூட மாற்றாமல் வந்து உட்கார்ந்தார்.

டார்ச்சைக் கொடுத்தாள். "பின்பக்கம் காட்டுங்க."

மேலே காட்டினார்.

"இன்னும் கீழ. அந்த மூலையில."

"அங்க என்னம்மா இருக்கு, வெறும் தூசி."

"காட்டுங்க."

வெளிச்சம் கொஞ்சம் நகர்ந்தது, பாதியில் நின்றுவிட்டது.

"தூக்கமே வரலைம்மா" என்றார் கடைசியில். "அந்த ஃபேன் ஊன்னு கத்திக்கிட்டே இருந்துச்சு. தூங்காம எப்படி வண்டி ஓட்டுறது? இவ்வளவு தூரம் போகும்னு எனக்குத் தெரியாது."

"ஞாயித்துக்கிழமை தெரிஞ்சுதே! சத்தமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே இதைத் தூக்கிட்டுப் போய் சமையல்கட்டுல வச்சிருப்பேனே. ராசியில்லைன்னு சொன்னீங்களே, நானும் நம்பி உக்காந்து அழுதேனே. அப்பக்கூட முதுகைத் தட்டிக் கொடுத்தீங்களே!"

டேப்பைப் பிய்த்து ஒயரைச் சொருகினாள். பெட்டியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினாள். "நான் தூக்குறேன்" என்று கை நீட்டினார். "வேண்டாம்" என்றாள்.

சமையல்கட்டில், மாவு டப்பாக்களை ஒதுக்கிவிட்டு எல்லாவற்றையும் மாட்டி ஓடவிட்டாள். ஃபேன் ஊன்னு கத்தியது. கத்தட்டும். நாலு மணி அடிக்கச் சற்று முன்னால் ஜன்னலும் வந்து சேர்ந்தது. அனுப்பிவிட்டாள்.

"போயிடுச்சாம்மா?" வாசலில் நின்று கேட்டார் கணவர். எப்போதும்போல அதே கனிவான குரல். ஞாயிற்றுக்கிழமை அவள் அழ ஆரம்பித்தபோது முதுகைத் தட்டிக்கொண்டே ஆறுதல் சொன்னதும் இதே குரல்தான். இனிமேல் இதில் எது நிஜம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அவளுக்கு ஆத்திரத்தைவிடப் பயமாக இருந்தது.

"போயிடுச்சு" என்று சொல்லிவிட்டு, எழுந்து கதவைச் சாத்தினாள்.